மூன்று நாள் கஞ்சி

மருத்துவமனைச் சமையலறையில் வயிற்று நோயாளிகளுக்குப் பதினெட்டு வருஷமாக அவள்தான் சமைத்தாள். குழைந்த சோறு, காரமில்லாத பருப்புத் தண்ணீர், மசித்த வாழைப்பழம். தெருவில் யாருக்கு வயிறு சரியில்லை என்றாலும் 'கஞ்சியம்மா'வைத்தான் கேட்பார்கள்.

ஒருநாள் லாரி ஓட்டப் போன கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினார்.

"டாக்டர்கிட்ட போயிடலாங்க."

"கஞ்சியம்மாவையே கட்டிக்கிட்டவனுக்கு டாக்டர் எதுக்கு?"

அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். மூன்று நாள் கஞ்சியும் இஞ்சித் தண்ணீரும் கொடுத்தாள். வலி குறைந்த மாதிரி இருந்தது. நான்காம் நாள் காலை கழிவறையிலிருந்து வந்தவர், முகம் வெளிறிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மறைக்காம சொல்லுங்க."

"ரெண்டு நாளா கறுப்பாப் போகுது. நீ பயப்படுவேன்னு சொல்லல."

அவள் உடனே வண்டி பிடித்து, தான் வேலை செய்யும் மருத்துவமனைக்கே கொண்டுபோனாள். வயிற்றில் புண், உள்ளே ரத்தம் கசிகிறது என்றார் டாக்டர். "முதல் நாளே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றபோது அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ரத்தம் ஏற்றினார்கள். மனுஷர் பிழைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள். "அக்கா, அத்தைக்கு ஒரு வாரமா வயித்துவலி. என்ன கொடுக்கலாம்?"

"ஒரு வாரமாவா?" என்று கஞ்சியம்மா போட்ட சத்தத்தில் அவள் திடுக்கிட்டுப்போனாள்.

"சாதாரண வாயுதாங்க்கா."

"அதை டாக்டர் சொல்லட்டும். அத்தையைக் கிளப்பு, நானும் வர்றேன்."