ஏழாம் தெருவில் ஒன்பது குடும்பம்

பள்ளி விடுமுறை தொடங்கினால்தான் காவல் நிலையத்துக்கு அவர் ஞாபகம் வரும். கல்யாணத்துக்கும் கடைத் திறப்புக்கும் ஒலிபெருக்கி வண்டி ஓட்டுகிறவர். ஊருக்கே அவர் மைக்காரர். பதினோரு வருடமாக நிலையத்தில் கொடுக்கும் அதே சீட்டைத்தான் வாசிக்கிறார். கதவை நன்றாகப் பூட்டுங்கள், நகையை வங்கிப் பெட்டகத்தில் வையுங்கள், வெளியூர் போகுமுன் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். யார் காதில் போட்டுக்கொண்டார்கள்? காய்கறி வண்டிக்குக் காட்டும் மரியாதையைக்கூட அவருக்குக் காட்டவில்லை. களவு போன பிறகு மட்டும் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்.

இந்த வருடம் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுதிக் கொடுத்தவர்களின் பட்டியலை நிலைய எழுத்தரிடம் பார்த்துவிட்டு, சீட்டில் இல்லாததையும் சேர்த்துச் சொன்னார்.

“ஏழாம் தெருவைப் பாருங்கள்! இந்த வாரம் ஒன்பது குடும்பம் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியூர் போயிருக்கிறது. நீங்களும் அவர்களைப் போல இருக்க வேண்டாமா?”

முதன்முறையாக ஆட்கள் வாசலுக்கு வந்து கேட்டார்கள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தெருத்தெருவாக அதையே முழங்கினார். எழுத்தரும் சபாஷ் போட்டார். படித்த மனிதர், அவருக்காவது உறைத்திருக்கலாம்.

அந்த ஒன்பதில் ஒன்று மைக்காரரின் அக்கா குடும்பம். மாமாவுக்கு இதயத்தில் அடைப்பு. பரிசோதனைக்காக இரண்டு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்காக விற்க அக்காவிடம் இருந்தது ஆறு வளையலும் ஒரு சங்கிலியும்தான். வேறு வழி கிடையாது.

“பேங்க்ல வச்சுட்டுப் போகட்டுமாடா?” என்று புறப்படுமுன் கேட்டாள்.

“ரெண்டு நாளைக்கு எதுக்குக்கா அந்த அலைச்சல்? ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா போ. நான் இருக்கேன்ல?”

ஊருக்கெல்லாம் வங்கி, சொந்த அக்காவுக்கு மட்டும் இவர்! என்னத்தைச் சொல்ல.

ஏழாம் தெருவில் மூன்று வீட்டுப் பூட்டு உடைந்தது. அக்கா வீட்டு பீரோ திறந்து கிடந்தது. பத்தாம் நாள் ஆள் பிடிபட்டான். வளையலும் சங்கிலியும் அதற்குள் உருக்கப்பட்டு எங்கோ போயிருந்தன. ஆபரேஷன் தேதியும் தாண்டிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியதால் மாமா நாற்காலியிலேயே தூங்கினார்.

பிடிபட்டவனிடம் கிடைத்த காலி நகைப் பெட்டியை அடையாளம் காட்ட அக்காவை மைக்காரர்தான் நிலையத்துக்கு அழைத்துப் போனார். திருடன் மூலையில் குந்தியிருந்தான்.

“அந்தத் தெருவை எப்படிடா கண்டுபிடிச்ச?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“நான் எங்க சார் கண்டுபிடிச்சேன்? ஏழாம் தெருவுல ஒன்பது குடும்பம் வெளியூர் போயிருக்குன்னு மைக்ல சொல்லிட்டுப் போனாங்களே! அப்புறம் எந்த வீடுன்னு பாக்குறதா கஷ்டம்?”

எழுத்தர் அவசரமாக ஒரு கோப்பைத் திறந்தார். அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. திருடன் ஏதோ உளறுகிறான், தம்பி இல்லையென்று சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

“நீ எங்க தெருவைச் சொல்லலைதானேடா?”

“சொன்னேன்க்கா.”

அவருக்கே கேட்காத குரலில் சொன்னார். அக்கா இன்னும் அருகே வந்து, “என்னடா சொன்ன?” என்றாள்.

அவர் மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது.