அம்மா தூங்கிய மத்தியானம்

எங்கள் அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினருக்கும் எஸ்டேட் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது, அப்பாவின் சாவுக்குத் துட்டி கேட்க வந்த இடத்தில் அத்தை சொன்ன சொல்தான். "புருசன் உசுரு போகுது, பக்கத்துல படுத்துத் தூங்கியிருக்கா பாரு!" அது எஸ்டேட் குடியிருப்பில் லயம் லயமாகச் சுற்றி என் காதுக்கும் வந்தது. கோபப்பட்டேன், பிறகு ஆறிவிட்டது. அம்மா தூங்கியது உண்மைதான். ஏன் தூங்கினார்கள் என்று சொல்ல, அப்பாவின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்பா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம், மழை எட்டிப் பார்க்காத ஓர் ஊரில். பிழைப்புத் தேடி மலையேறிய பெற்றோருடன் சிறு வயதிலேயே மூணாறு வந்தார்கள். தேயிலை பாக்டரியில், பறித்து வந்த கொழுந்தைப் பரப்பி வாட விடும் மேல்மாடியில் வேலை. பெரும்பாலும் இரவு ஷிப்ட். காலையில் பனிமூட்டத்துக்குள்ளிருந்து முதலில் வருவது அப்பாவின் சட்டையில் ஒட்டிய கொழுந்து வாசம். பிறகுதான் அப்பா வருவார்கள். அந்த வாசத்துக்கு எனக்குக் கண் சொக்கும். இப்போதும் பாக்டரி வழியே போனால் பாதித் தூக்கத்தில் நடப்பதுபோல் இருக்கிறது.

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்திருந்தான். காய்ச்சலில் கிடந்த அவனை அப்பா மடியில் வைத்துக்கொண்டு கண் மூடாமல் காத்தார்கள். அப்படியும் போய்விட்டான். அதோடு அப்பாவின் தூக்கமும் போயிற்று. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்கு வராமல் கொழுந்தைத் தடவிக்கொண்டே நிற்பார்களாம். அடுத்த ஷிப்டுக்கு வரும் நண்பர், நாங்கள் மாமா என்று கூப்பிடுகிறவர், ஒருநாள் அதட்டிவிட்டார்.

"மாத்தாளு நான் வந்துட்டேம்லா? இன்னும் ஏன்வே நிக்கீரு? பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா என்னைய நம்பலன்னுதானே அர்த்தம்? போயிப் படும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமாதான் அப்பாவை முதன்முதலாகத் தேவாலயத்துக்கு அழைத்துப் போனார். அன்றைய பிரசங்கம் என்னவென்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்களாம். "என்னைய யாரும் எழுப்பல. அதுதான் எனக்குக் கெடைச்ச மொத சமாதானம்" என்பார்கள். பிறகு அப்பாவும் அம்மாவும் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்பாவின் ஜெபம் சின்னது. மனசில் கிடப்பதையெல்லாம் கொட்டிவிட்டு, "ஆண்டவரே, இனி உம்ம டூட்டி" என்று முடித்துப் பாயை விரிப்பார்கள்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. கீர்த்தனை எல்லாம் நன்றாகப் பாடுவார்கள். தூக்கம் மட்டும் வராது. மழை பெய்தால் மண் சரியுமோ என்று விழித்திருப்பார்கள். மழை நின்றால் ஏன் நின்றது என்று விழித்திருப்பார்கள்.

நெருக்கடி நிலை வந்த வருடத்து மழையில் தங்கைக்கு நெஞ்சில் சளி கட்டியது. ரோடு இடிந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வேலை முடிந்து நேரே வந்த அப்பா, கட்டிலருகே முழங்காலிட்டு வழக்கமான வார்த்தையைச் சொல்லிவிட்டு, வராந்தா பெஞ்சில் படுத்துக் குறட்டை விட்டார்கள். அம்மா உலுக்கி எழுப்பினார்கள்.

"மூத்தவனுக்குக் கண்ணு மூடாம இருந்தீக. இது பொட்டப்புள்ளைன்னா தூக்கம் வருதோ?"

அப்பா எழுந்து உட்கார்ந்தார்கள். "கண்ணு மூடாமதானே இருந்தேன், என் கையில நின்னானா? இவ பொழைச்சாலும் அவரு கையிலதான், போனாலும் அவரு கையிலதான். கல்லு மனசுன்னு நெனைக்காத. அழுதுக்கிட்டேதான் தூங்குதேன்."

தங்கை பிழைத்தாள். ஆனாலும் அம்மா அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசச் சில நாள் ஆயிற்று.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பாயில் விழுந்ததும் உறங்குகிற மனிதருக்கு உறக்கம் இல்லை. சாவுக்குப் பயமா என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் ஒப்படைச்சிட்டேன்ட்டி. ஒங்கம்மைய மட்டும் ஒப்படைக்க முடியல. நான் போனா அவ கண்ணே மூட மாட்டா."

அம்மா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மத்தியானம் பனி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அம்மா கட்டிலருகே வந்து, நான் அதுவரை அவர்கள் வாயால் கேளாத ஒன்றைச் சத்தமாகச் சொன்னார்கள்: "ஆண்டவரே, இவுகளும் நானும் இனி உம்ம டூட்டி." தரையில் முந்தானையை விரித்துப் படுத்தார்கள். அப்பாவுக்காகப் பாசாங்கு செய்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வாய் லேசாகத் திறந்து, மெல்லிய குறட்டை வந்தது. நிஜத் தூக்கம்.

அப்பா தலையைத் திருப்பி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்கள், எழுப்பாதே என்று. பிறகு கண்ணை மூடினார்கள். மூச்சு மெதுவாகி நின்றது. நான் அம்மாவை எழுப்பவில்லை. அவர்களாக விழிக்கும்வரை இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

வழுக்கும் சரிவில் அப்பாவைச் சுமந்து வந்த பாக்டரித் தோழர்களுக்கும், ஜெபித்த போதகர் ஐயாவுக்கும், கஞ்சி காய்ச்சி அனுப்பிய லயத்துப் பெண்களுக்கும், அன்று அப்பாவைப் போய்ப் படுக்கச் சொன்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தைக்கும் நன்றி, அவர்கள் சொல்லாவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

நினைவு ஆராதனைக்கு முன்னதாகவே வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மத்தியானத்தில் கதவை மெதுவாகத் தட்டுங்கள். அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்கள்.