கோமதி ஏறும் நிறுத்தம்

இங்கே பஸ்ஸை விட்டு இறங்குகிற ஒவ்வொருவரும் டிரைவருக்கு நன்றி சொல்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட மறப்பதில்லை. அயர்லாந்துக்கு வந்த புதிதில், என்னவோ இனாமாகக் கூட்டிவந்ததுபோல எதற்கு இத்தனை நன்றி என்று சிரிப்பாக வரும். இப்போது நானும் சொல்கிறேன். ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்துத் தேய்க்கும் லாண்டரியில் எனக்கு வேலை. என் கணவருக்கு வேறு ஷிஃப்ட். சில நாட்களில் அந்த ஒரு ‘தேங்க் யூ’தான் நான் வாய் திறந்து பேசிய பேச்சு. டிரைவருக்கு அவ்வளவு மரியாதை செய்கிறவர்கள் பஸ்ஸுக்குள் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பக்கத்து சீட்டில் பையை வைத்துவிட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்ததில்லை. ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒவ்வொன்றிலும் அது இரண்டு இடத்தில் நிற்கும்; ஊருக்குள் ஒன்று, காலனி முனையில் ஒன்று. நான் ஊரில் ஏறுவேன். எங்களுக்கு நெல் நிலம் இருந்தது. மேரி காலனியில் ஏறுவாள். அவளுடைய அம்மா எங்கள் கழனியில் நாற்று நட்டவர். பஸ்ஸில் இருவருக்கும் ஒரே சீட்டு, ஒரே யூனிஃபார்ம், ஒருத்தியை ஒருத்தி ‘டி’ போட்டுத்தான் கூப்பிடுவோம். இறங்கிய பிறகு தெருவில் அப்படிக் கூப்பிட்டதில்லை.

சூப்பர்வைசரின் உறவுக்காரப் பெண்ணும் அந்த பஸ்ஸில்தான் வந்தாள். அதனால் தனக்கு நடந்ததைத் தன் பேரில் சொல்ல எல்லோருக்கும் பயம். எது நடந்தாலும் கோமதி தலையில் போட்டுவிடுவது என்று ஒரு வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. அப்படி ஒருத்தி கம்பெனியிலேயே கிடையாது. “கோமதிக்கு நேத்து இன்னா ஆச்சு தெரியுமா?” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். மெஷின் பக்கத்தில் மயங்கி விழுந்தவள் கோமதி. பாத்ரூமுக்கு அனுமதி கேட்கப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காதவள் கோமதி. பஸ்ஸே சேர்ந்து அவளுக்காகத் திட்டும், சில நாள் அழவும் செய்யும். அவள் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறாள் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவள் ஊர்க்காரியா காலனிக்காரியா என்று தெரிந்திருக்கும். பாதி பஸ் அவளைக் கைவிட்டிருக்கும்.

ஒரு நாள் மாதவிலக்கு நேரத்தில் லைனை விட்டு நகர என்னை விடவில்லை. கறைபட்ட யூனிஃபார்மோடு ஷிஃப்ட் முடியும்வரை நின்றேன். மறுநாள் அதைக் கோமதிக்கு நடந்ததாகச் சொன்னேன். அன்றைக்கு பஸ் கொதித்துப்போயிற்று. மேரி புகார் எழுதினாள், எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். சொல்லிச் சொல்லிக் கோமதி எங்களுக்கு அவ்வளவு நிஜமாகியிருந்தாள். புகாரிலும் அவள் பேரையே எழுதிவிட்டோம், ஒருத்திக்கும் உறைக்கவில்லை. அதிகாரி வருகைப் பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு எங்களை வரிசையாக நிறுத்தினார். “கோமதின்னு இங்க யாருமே இல்லையே. அப்ப இது யாருக்கு நடந்தது?” நான் தரையைப் பார்த்தேன். அப்பாவின் முகம், ஊரின் வாய், எல்லாம் கண்முன் வந்தது. பக்கத்தில் நின்ற மேரி சொன்னாள்: “எனக்குத்தான் சார்.”

மறுநாள் முதல் எங்கள் ஊர்க் காலனி முனையில் பஸ் நிற்கவில்லை. அங்கே ஏறியவள் மேரி ஒருத்திதான். நான் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டேன். நாலு மாதத்தில் கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன்.

இங்கே லாண்டரியிலும் உட்கார நேரமில்லை, பாத்ரூம் போகக் கேட்டுத்தான் போகவேண்டும். பிரேசில், போலந்து, பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டுப் பெண்கள் இருக்கிறோம். எங்களைச் சங்கமாகச் சேர்க்க ஓர்லா என்ற உள்ளூர்ப் பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் சமூகக்கூடத்தில் கூட்டம் போடுகிறாள். முதலில் ஆளுக்கு இரண்டு நிமிடம் தன் கதையைச் சொல்லவேண்டும். கதை தெரிந்தால்தான் ஒருவருக்காக ஒருவர் நிற்போம் என்பது அவள் கணக்கு. எனக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் முறை வந்தபோது, எங்கள் கம்பெனியில் கோமதி என்று ஒருத்தி இருந்தாள் என்று ஆரம்பித்து அந்தக் கறைபட்ட நாளைச் சொன்னேன். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஓர்லா மட்டும் தயங்கினாள். அது கோமதியின் சொந்த விஷயமாயிற்றே, இங்கே சொல்ல அவளிடம் அனுமதி வாங்கினாயா என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன். வேறென்ன சொல்வது.

அடுத்த ஞாயிறு மேரிக்கு போன் செய்தேன். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் முறை. இப்போது துணி தைக்கும் வேறொரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். சுற்றி வளைத்து, அந்தக் கதையை இங்கே சொல்லலாமா என்று கேட்டேன். சிரித்தாள்.

“எங்கிட்ட இன்னாத்துக்குடி கேக்குற? அது உன் கதையாச்சே.”

“உனக்குத் தெரியுமா?”

“அன்னிக்கு ஊட்டுக்குப் போற வரைக்கும் துப்பட்டாவை சீட்ல விரிச்சிக்கினு குந்தினு வந்தியே. பக்கத்துல இருந்தவளுக்குத் தெரியாதா?”

இப்போது வேலை எப்படி என்று பேச்சை மாற்றினேன். அவள் சொன்னாள்: “கோமதி இந்த பஸ்ஸுக்கும் வந்துட்டாடி. போன வாரம் கையில ஊசி ஏறிடிச்சி, பாவம். சரி, சோறு ஆறுது, வச்சிடறேன்.”

அன்று மதியமே கூட்டத்தில் எழுந்து, போன தடவை சொன்னது எனக்கு நடந்தது, எனக்குப் பதில் வேறொருத்தி வேலையை இழந்தாள் என்று சொன்னேன். ஓர்லா அணைத்துக்கொண்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். தலைகுனிந்து நின்ற அந்த வரிசையில் சொல்லவேண்டியதை, என்னைத் தெரியாதவர்களிடம் சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டேன். கோமதியின் கையில் ஊசி ஏறியது நிஜத்தில் யாருக்கு என்று மேரியிடம் நான் கேட்கவேயில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். என் நிறுத்தம் வரும்வரை பக்கத்து சீட்டில் யாரும் உட்காரவில்லை. இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொன்னேன். மேரிக்கு இன்னும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் நன்றி சொன்னால் வேற்று ஆளாகிவிட்டோம் என்று அர்த்தம். சொன்னால் நான் இந்த ஊர்க்காரியாகிவிடுவேன். சொல்லாவிட்டால் அந்த வரிசையில் இன்னும் தரையைப் பார்த்தபடி நிற்கிறேன்.