பூட்டியிருந்த கேட்

என் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. அவற்றை நான் வேலை பார்த்த பனியன் கம்பெனி எடுக்கவில்லை. கோர்ட்டில் நான் சொன்னது பொய்!

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எருமைக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தேன். கன்று போட்டுப் பத்து நாள் ஆன எருமை. என் மனைவி பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தால்தான் பால் விடும்... பேச்சு எங்கோ போகிறது. தட்டு வெட்டும் மிஷினுக்குள் கை போய்விட்டது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் எங்கே அடிபட்டது என்று கேட்டார்கள். "கம்பெனீலங்க, கட்டிங் மிஷின்லங்க" என்றேன். இந்தக் கையோடு இனி யார் வேலை தருவார்கள் என்ற பயம்.

கம்பெனி மேல் போட்ட நஷ்டஈட்டு வழக்கை நடத்தியவர் எங்கள் வக்கீல் ஐயா. தொழிலாளிகளிடம் ஃபீஸ் வாங்காதவர். அவர் என்னை நம்பினார். நம்பினாரே!

கம்பெனி வாட்ச்மேன் சுடலைமுத்து சாட்சி சொல்ல வந்தார். திருநெல்வேலிக்காரர். "அன்னைக்கு கேட்டு பூட்டிக் கெடந்துச்சுய்யா. இவரு வரல" என்றார். உண்மை.

வக்கீல் ஐயா நிதானமாகக் கேட்டார்: "வேற ஞாயித்துக்கிழமைல ரிஜிஸ்டர்ல எழுதாம வேலை நடந்திருக்குதுங்களா?"

சுடலைமுத்து முதலாளியைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நடந்திருக்குய்யா" என்றார். அதுவும் உண்மை.

"அப்புறம் அந்த ரிஜிஸ்டரையும் உங்களையும் எப்படீங்க நம்பறது?"

நான் ஜெயித்தேன். இரண்டு முறையும் உண்மை சொன்னவருக்கு வேலை போனது.

ஒரு வாரம் கழித்துத் துணிப்பையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஊருக்குப் போறேன் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க. அன்னைக்கு நான் தூங்கிட்டேனா? எனக்குத் தெரியாம உள்ள போனியளா? யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்கு."

சாக்குப் போட்டு மூடிய அந்த மிஷின் அவருக்குப் பின்னால்தான் இருந்தது.

"ஆமாங்க... நீங்க நல்லாத் தூங்கீட்டிருந்தீங்க."

"மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார். என்னிடம்!

பிறகு அவரை நான் பார்க்கவே இல்லை.

நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. ஆனால் சட்டக் கல்லூரிக்கு வருடம் தவறாமல் போகிறேன். வக்கீல் ஐயா அங்கே சம்பளம் வாங்காமல் பாடம் நடத்துகிறார். பொய்ச் சாட்சியை ஒரே கேள்வியில் உடைப்பது எப்படி என்பது பாடம். நடுவில் நான் எழுந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அந்த வகுப்பில் இருந்தவர்களில் சிலர் இன்று ஏழைகளுக்குச் சும்மா வாதாடுகிறார்கள். நான் வாயைத் திறந்தால் அதெல்லாம் கெட்டுவிடாதா? இப்படிச் சொல்லித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

இந்த வருடம் ஒரு பெண் கைதட்டவில்லை. எழுந்து, "அந்த வாட்ச்மேன் என்னானாருங்க தாத்தா?" என்றாள்.

"தெரியலீங்க கண்ணு."

திரும்பி வரும்போது காரில் வக்கீல் ஐயா சொன்னார்: "அந்த மனுசன் மேல எனக்கு இப்பக் கோவமே இல்லீங்க. பாவம், முதலாளிக்குப் பயந்து பொய் சொல்லீட்டாரு."

"ஆமாங்க" என்றேன். மறுபடியும் அதே ஆமாங்க!

உங்களிடம் சொல்கிறேன். கேட் பூட்டித்தான் இருந்தது. சுடலைமுத்து தூங்கவில்லை.

ஆனால் இதைக் கேட்க வேண்டியவர் நீங்கள் இல்லையே...