செய்யாறு பஸ்ஸும் என் முதல் டேட்டாவும்

நான் படித்தது தமிழ் இலக்கியம். ஆரணியிலிருந்து செய்யாறில் இருந்த கல்லூரிக்குத் தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். முதல் வகுப்புக்குப் பெரும்பாலும் தாமதம்தான். இரண்டாம் ஆண்டில் வருகைப் பதிவு குறைந்துவிட்டது, தேர்வெழுத விடமாட்டார்கள் என்று பேச்சு வந்தது. துறைத்தலைவர் அம்மா கூப்பிட்டார்.

"பஸ் லேட்டு, பஸ் லேட்டுன்னு தினம் சொல்றியே, ஆதாரம் இருக்கா?"

அந்தக் கேள்வி சுருக்கென்று குத்திவிட்டது. மறுநாளே எழுத ஆரம்பித்தேன். பஸ் வர வேண்டிய நேரம், வந்த நேரம், நான் நிறுத்தத்துக்கு வந்த நேரம். வண்டியைத் தவறவிட்ட நாளில், அது வந்துபோன நேரத்தை நிறுத்தத்து டீக்கடையில் கேட்டுக்கொள்வேன். மூன்றையும் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் கிறுக்கி, கல்லூரி கம்ப்யூட்டர் அறையில் எக்ஸெல்லில் ஏற்றினேன். எக்ஸெல்லை அதற்கு முன் நான் தொட்டதே இல்லை. செல்போன் வீடியோக்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஒருநாள் கண்டக்டர் அண்ணன் கவனித்துவிட்டார்.

"இன்னாம்மா, தெனம் எதையோ எழுதிகினு வர்றே? எம்மேல கம்ப்ளெயின்டா?"

"இல்லண்ணே, வண்டி எந்தெந்த நாள் லேட்டாவுதுன்னு பாத்துகினு இருக்கேன்."

அவர் சிரித்தார். "அதுக்கு ஏன் இவ்ளோ பேஜார்? முகூர்த்தத்துக்கு முந்தி வர்ற நாளுங்களப் பாரு. பட்டுப்புடவ எடுக்கக் குடும்பம் குடும்பமா ஆரணிக்கு வருவாங்க. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஏத்திகினு வந்தா வண்டி எங்க ஜல்தியா வரும்?"

செய்யாறிலிருந்து வரும் அதே வண்டிதான் திரும்பிப் போகும் என்பதை நான் யோசித்ததே இல்லை. வீட்டு நாள்காட்டியைக் கழற்றிக்கொண்டு போய் முகூர்த்தத்துக்கு முந்தைய நாட்களுக்கென்று எக்ஸெல்லில் ஒரு பத்தி சேர்த்தேன். அண்ணன் சொன்னது அப்படியே பொருந்தியது. செய்யுளில் புரியாத ஒரு சொல்லுக்குச் சட்டென்று பொருள் விளங்கும்போது வருமே, அதே சந்தோஷம்.

கூடவே இன்னொன்றும் தெரிந்தது. நான் தாமதமாகப் போன நாட்களில் பாதி நாள் பஸ் சரியான நேரத்துக்கு வந்து போயிருக்கிறது. நான்தான் நிறுத்தத்தில் இல்லை.

அந்த வரிகளை அழித்துவிடலாமா என்று ஒரு முழு மதிய இடைவேளை யோசித்தேன். மனசு வரவில்லை. அப்படியே அச்செடுத்துக் கொண்டுபோய்த் துறைத்தலைவர் அம்மாவிடம் நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"பாதி பஸ்ஸோட தப்பு, பாதி உன் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே!" என்று சிரித்தவர், தேர்வெழுதவும் அனுமதி வாங்கித் தந்தார்.

அதன் பிறகு பிடித்த பைத்தியம் விடவில்லை. பஸ்ஸில் போகும் நேரமெல்லாம் டேட்டா அனலிட்டிக்ஸ் பாடங்களைப் பார்த்தேன். மூன்றாம் ஆண்டு முடிந்ததும் சென்னையில் ஒரு சிறிய நிறுவனத்தின் பயிற்சி வேலைக்கு விண்ணப்பித்தேன். நேர்காணலுக்கு வந்திருந்த மற்றவர்கள் எல்லாரும் இன்ஜினீயர்கள். என்னிடம் காட்ட இருந்தது அந்த பஸ் கணக்கு ஒன்றுதான்.

நேர்காணல் எடுத்த மேடம் திரையைக் காட்டி, "இங்க நாலு நாள் காலியா இருக்கே?" என்றார்.

"எனக்குக் காய்ச்சல், மேடம்."

"சும்மா ஒரு நேரத்தைப் போட்டு நிரப்பியிருக்கலாமே?"

"நான் பாக்கவும் இல்ல, யாரையும் கேக்கவும் இல்லீங்களே. எப்படிப் போடறது?"

பக்கத்தில் இருந்தவரை அவர் திரும்பிப் பார்த்தார். சொதப்பிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு ஆரணி பஸ் ஏறினேன். வாலாஜா தாண்டுவதற்குள் வேலைக்கு எடுத்திருப்பதாகப் போன் வந்தது.

முதல் சில மாதங்கள் திண்டாட்டம். மற்றவர்கள் கல்லூரியில் படித்துவிட்டு வந்த புள்ளியியலை நான் ஆரம்பத்திலிருந்து படித்தேன். கூட்டங்களில் பாதி புரியாமல் தலையாட்டினேன். பிறகு ஒருநாள், வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுத ஆளில்லாமல் என்னிடம் தந்தார்கள். வரைபடம் சொல்வதைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதி அனுப்பினேன். "முதல்முறையா எங்களுக்குப் புரியுது" என்று பதில் வந்தது.

இப்போது கடினமான கணக்கென்றால் பக்கத்து இருக்கை இன்ஜினீயரைத்தான் கேட்கிறேன். அவர் தன் அறிக்கையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்.