அலமேலுவுக்கு வேலை கொடுத்த பிள்ளையார்

போன வருஷம் வைகாசி மாதத்தில் என் கால் வெந்துபோனது. வெந்ததே எனக்குத் தெரியவில்லை.

என் மனைவியைக் குளிப்பாட்ட வெந்நீர் எடுத்துக்கொண்டு போனேன். குண்டான் சாய்ந்து வலது பாதத்தில் கொட்டிவிட்டது. ஈரம் தெரிந்தது, சூடு தெரியவில்லை. அவளைக் குளிப்பாட்டித் துடைத்து, புடவை சுற்றி, தலை சீவிவிட்டு உட்காரும்போதுதான் பார்க்கிறேன், பாதத்துத் தோல் உரிந்து தொங்குகிறது. பல வருஷத்துச் சர்க்கரை வியாதி, கால் மரத்துப்போயிருந்தது. கிடைத்த துணியைச் சுற்றிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அவள் கஞ்சி குடிக்கிற நேரம் அது.

பிள்ளையாரை நம்பி இதைப் படிக்கிற சொந்தங்களே, என் பெயர் கோதண்டம். வயது அறுபத்தெட்டு. புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. என் அப்பா காலம் வரைக்கும் எங்களுக்குக் கையகல நிலம் கிடையாது. நானும் என் மனைவி அலமேலுவும் கூலிக்குப் போய்த்தான் ஒரு துண்டு நிலம் வாங்கினோம். அதில் வேர்க்கடலை போடுவோம். ஒரே மகள் செல்வி, கல்யாணமாகி நாயுடுபேட்டையில் இருக்கிறாள். அங்கே ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை.

அதற்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த அலமேலு அப்படியே சரிந்து விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. உயிரோடு வீட்டுக்கு வந்தாள், அதுவே பெரிது என்றார்கள்.

அலமேலு எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். அவள் போகிற பக்கமெல்லாம் சத்தமாக இருக்கும். அப்படிப்பட்டவள் கட்டிலில் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாவற்றையும் நானே செய்தேன். சோறு ஊட்டினேன். துணி துவைத்தேன். பின்னல் போடக்கூடக் கற்றுக்கொண்டேன், கோணலாகத்தான் வரும். டாக்டர் சொன்னபடி அவள் கையை மடக்கி நீட்டுவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவள் மாத்திரையை நேரம் தவறாமல் கொடுத்துவிடுவேன். என் மாத்திரையை மறந்துவிடுவேன். நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு மறுபடி வேலையைப் பார்ப்பேன்.

பக்கத்து வீட்டு முனியம்மா அடிக்கடி வந்து கேட்பாள். என்னை அண்ணா என்றும் அலமேலுவை அண்ணி என்றும் கூப்பிடுகிறவள்.

"அண்ணா, ஒரு பொழுது நான் பாத்துக்கறேன். நீ போய் கொஞ்சம் படு. உன் மூஞ்சியே சரியில்ல."

"வேணாம்மா. நான் பாத்துக்கறேன்."

ஒவ்வொரு முறையும் இதே பதில்தான். அலமேலு வாய் பேச முடியாமல் படுத்திருக்கிற கோலத்தை வேறு யாரும் பார்க்கக் கூடாது என்று எனக்கு. அவள் கண்ணில் இருந்த வெட்கத்தை நான் ஒருவன் பார்த்தால் போதும் என்று நினைத்தேன்.

கால் புண் ஆறவில்லை. ஆனி பிறந்தபோது செல்வி எங்களைப் பார்க்க வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததுமே முகத்தைச் சுளித்தாள். நான் மறைக்க மறைக்கத் துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டாள்.

"இன்னா நைனா இது! காலு அழுகிக்கினு கீது, நீ கம்முனு உக்காந்துக்கினு கீறியே!"

"நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டா உங்கம்மாவ யாரு பாப்பாங்க?"

சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த முனியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க இன்னா செத்தா பூட்டோம்? மொதல்ல ஆட்டோவுல ஏறுண்ணா நீ!"

அலமேலு கட்டிலிலிருந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிடக்கூட நேரம் இல்லாமல் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள்.

திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டுச் செல்வியிடம், "இங்கா ஆலஸ்யம் சேஸ்தே காலே தீசேயாலம்மா" என்றார். இன்னும் தாமதித்தால் காலையே எடுக்க வேண்டும் என்று அர்த்தம். நெஞ்சிலும் ஏதோ சரியில்லை என்று அங்கேயே சேர்த்துவிட்டார்கள்.

படுத்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாகத் திருமலை தெரிந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். ஆனால் மனதைத் திறந்து பேச எனக்குப் பழக்கம் எங்கள் காணிப்பாக்கத்துப் பிள்ளையாரிடம்தான். சின்ன வயதிலிருந்து அவரிடம்தான் சண்டை, அவரிடம்தான் சமாதானம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

"பிள்ளையாரே, கால் போனா போகட்டும். அவளுக்கு முன்னாடி என்னக் கூப்ட்டுடாதே. அவளப் பாத்துக்க எனக்கு ஒரு ஆள் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

விக்கி விக்கி அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் இல்லாமல் நான் இப்படி வேற்றூரில் படுத்ததில்லை. அவளுக்கு யார் ஊட்டுவார்கள், அவள் தண்ணீருக்குக் கண்ணால் காட்டினால் யாருக்குப் புரியும், இதே நினைப்பு. சோறு இறங்கவில்லை.

ஆப்பரேஷனில் சுண்டு விரலையும் அடுத்த விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பித்தது. சர்க்கரை மட்டும் இறங்காமல் அடம் பிடித்தது.

ஒரு மத்தியானம் செல்வி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "நைனா, எழுந்திரு, இதக் கேளு!"

முனியம்மாவின் மருமகள் ரேவதி பேசுகிறாள் என்று நினைத்தேன். யாரும் பேசவில்லை. தூளிக் கயிறு கிறீச் கிறீச்சென்று சத்தம் போட்டது. அதோடு சேர்ந்து ஒரு குரல். "ஆ... ராரோ... ஆரி... ரரோ..."

அது அலமேலுவின் குரல்!

எட்டு மாதமாக ஒரு சொல் சொல்லாதவள் பாடுகிறாள். குரல் கரகரத்தது, நடுவில் நின்றுபோனது, மறுபடி தொடங்கியது. நான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டார்.

நடந்ததை முனியம்மா சொன்னாள். ஆடி விதைப்புக்காக அவர்கள் வீட்டில் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு வீட்டையும் பார்க்க முடியாது என்று அலமேலுவையும் தூக்கிவந்து, சுவரோரம் தலையணை வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். ரேவதியின் கைக்குழந்தை பக்கத்தில் தூளியில். குழந்தை வீறிட்டு அழ, மாமியார் மருமகள் ரெண்டு பேர் மடியிலும் கடலை.

"பழக்கத்துல வாய் தவறி, 'அண்ணி, தூளிய கொஞ்சம் ஆட்டு'ன்னு சொல்லிட்டேன்ண்ணா. சொன்னப்புறம்தான் ஐயோன்னு நாக்கக் கடிச்சிக்கினேன். திரும்பிப் பாத்தா, எடது கையால ஆட்டிக்கினு பாடிக்கினு கீது!"

அதற்கப்புறம் அவர்கள் அவளைச் சும்மா விடவில்லை. வலது கையில் கயிற்றைச் சுற்றி, அதன்மேல் இடது கையை வைத்து ஆட்டச் சொன்னார்கள். பிறகு ஒரு முறம் கடலையை முன்னால் வைத்தார்கள். தரையில் வைத்துக் கட்டை விரலால் அழுத்தி உடைத்தாளாம். நான் அவள் கையை எத்தனையோ நாள் மடக்கி நீட்டியும் வராத தெம்பு, அந்தக் குழந்தை அழுததும் வந்துவிட்டது. அலமேலுவுக்குப் பக்கத்தில் இருந்து அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கொடு என்று நான் கேட்டேன். பிள்ளையாரோ அவள் பார்த்துக்கொள்ள ஒரு ஆளைக் கொடுத்திருந்தார்.

அன்று சாயங்காலம் நன்றாகச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். சர்க்கரை மெல்ல இறங்கத் தொடங்கியது.

ஆடி மாதம் வீட்டுக்கு வந்தேன். கம்பை ஊன்றி உள்ளே நுழைந்ததும், அலமேலு என் கட்டுப் போட்ட காலைப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தை. ஏதோ சொல்ல உதடு துடித்தது.

"மாத்... திர... துன்னியா?"

அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. இன்னும் இல்லை என்று தலையாட்டினேன். முறைத்தாள் பாருங்கள், பழைய முறைப்பு! முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அலமேலு பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வலது கை என் விரலை லேசாக அழுத்தியது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது. காலையில் முனியம்மா வந்து அவளைக் குளிப்பாட்டுவாள். நான் நிம்மதியாக நிலத்தைச் சுற்றிவிட்டு வருவேன். வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை எங்களிடம் விட்டுப் போவார்கள். அலமேலு கம்பு ஊன்றி நாலு எட்டு நடக்கிறாள். பாதிச் சொல் வரும், மீதியைக் கையால் காட்டுவாள். குழந்தைகளுக்கு முழுசாகப் புரிகிறது.

கால் காட்டத் திருப்பதிக்குப் போனபோது, டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "பெத்தய்யா, மிம்மல்னி எவரு சூசுகுண்டுன்னாரு?" உங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார்.

"மா ஆவிட" என்றேன். என் வீட்டுக்காரிதான் என்று.

என்னோடு வந்து நாற்காலியில் சாய்ந்தபடி உட்கார்ந்திருந்த அலமேலுவைப் பார்த்தார். சிரித்துவிட்டு அவளுக்கு ஒரு கும்பிடு போட்டார்.

புரட்டாசியில் சதுர்த்திக் கூட்டம் குறைந்ததும் ரெண்டு பேரும் காணிப்பாக்கம் போனோம். சந்நிதியில் எனக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன். அலமேலு மட்டும் கண்ணை மூடி ரொம்ப நேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டேன்.

"இன்னாமே வேண்டிக்கினே அவ்ளோ நேரம்?"

யோசித்து யோசித்துச் சொன்னாள். "கொழந்த... பல்லு."

ரேவதியின் குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம். ராத்திரியெல்லாம் அழுகிறது என்று அவளுக்குக் கவலை. தன் கையும் காலும் அவள் நினைப்பிலேயே இல்லை.

சொந்தங்களே, உங்கள் வீட்டிலும் யாராவது படுத்திருக்கலாம். அன்பினால் எல்லாவற்றையும் நீங்களே சுமந்துகொண்டு, உங்கள் உடம்பைக் கரைத்துக்கொண்டிருக்கலாம். பிள்ளையாரிடம் மனம் விட்டுக் கேளுங்கள். அவர் அனுப்புகிற ஆள் பக்கத்து வீட்டிலேயே இருப்பார், வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். படுத்திருப்பவர் கையிலும் அவரால் முடிந்த ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். எல்லாருக்கும் எங்களுக்கு நடந்ததுபோலவே நடக்கும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் யாரையும் அவர் கைவிட மாட்டார், அது தெரியும்.

புத்தலப்பட்டுப் பக்கம் வந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அலமேலு தன் கையால் மோர் கொடுப்பாள். டம்ளர் கொஞ்சம் ஆடும். ரெண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.