விளக்குக் கம்பத்துக் கோடுகள்

சந்தேகப்படுவதில் எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. அம்மா இந்தியாவுக்குப் போய் இருதய ஆபரேஷன் செய்துகொண்டு கப்பலில் திரும்பியபோது, அப்பாவுக்கு முதல் சந்தேகம் தழும்பின் மேல் வந்தது. இருதயத்துக்கு வைத்தியம் செய்தால் விலாவில் ஏன் கிழிக்க வேண்டும்? அடுத்த சந்தேகம் அங்கிருந்த டாக்டரின் மேல். தினமும் ஒரு விளக்குக் கம்பம் கூடுதலாக நடக்கச் சொல்லியிருந்தாராம்.

"தையல் பிரிஞ்சா அவரா வந்து பதில் சொல்வாரு? பா பூஜே!" என்றார் அப்பா. அசையாதே என்று அவர் கிரியோலில் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அம்மா கட்டிலோடு கிடந்தாள்.

எங்கள் தீவின் சுதந்திரத்துக்குச் சில மாதங்களே இருந்தன. தலைநகர் போர்ட் லூயியில் கலவரம். வீடுகளுக்கு அடையாளம் போட்டுவிட்டு அடிக்க வருகிறார்கள் என்று எங்கள் ஊர் போ பசான் வரை வதந்தி. எனக்குப் பத்து வயது. பள்ளிக்குப் போகும்போது எங்கள் தெருவின் முதல் கம்பத்தில் ஒரு சாக்பீஸ் கோட்டைப் பார்த்தேன். மறுநாள் இரண்டாவது கம்பத்திலும் ஒன்று. நான்காவது கம்பம் வரை வந்ததும், அடிக்க வருகிறவர்கள் போடும் அடையாளம்தான் என்று முடிவு கட்டினேன். ஈரத்துணியோடு போய் எல்லாவற்றையும் அழித்தேன். அடுத்த நாள் ஒன்று முளைத்தது, அதையும் அழித்தேன். பிறகு கோடு வரவேயில்லை. தெருவையே காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. இதற்கிடையில் என் சாக்பீஸைத் திருடியதாகத் தம்பிக்கும் இரண்டு அடி கொடுத்திருந்தேன்.

இரண்டு வாரத்தில் அம்மாவுக்குச் சளி கட்டி மூச்சுத் திணறியது. படுத்தே கிடந்ததால் வந்த வினை என்று ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குச் செம்மையாகத் திட்டு விழுந்தது.

அம்மா மெல்லச் சொன்னாள்: "நீங்க ஆபீஸ் போனதும் நடந்தேன். எதுவரைக்கும்னு மறக்காம கோடு போட்டேன். நீங்கதானே அழிச்சீங்க? அதோட நடக்கிறதை விட்டுட்டேன். வேணாம்னு வாயால சொல்லியிருக்கலாம்."

"சத்தியமா நான் அழிக்கல," என்றார் அப்பா.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கட்டிலின் கால்மாட்டில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன!

அம்மா பிழைத்து வந்தாள். சாயங்காலம்தோறும் அப்பாவே அவளை நடக்கக் கூட்டிப்போனார். இருமல் வந்தால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணையையும், தெருவே பார்க்க, கூச்சப்படாமல் தூக்கிக்கொண்டு போவார். ஒவ்வொரு கம்பத்தருகிலும் அம்மா நின்று, கோடு இருந்த இடத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பாள். மூச்சு வாங்கத்தான் நிற்கிறாள் என்று அப்போது நினைத்திருந்தேன்.